பதினாலாம் பிளாக் மண்புழு

சிம்பாங் ரெங்கத்தை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் கேங்குக்குப் பிரேமலாதான் மண்டோர், அதாவது மேற்பார்வைக்காரி. வேலை பிரித்துக்கொடுக்கும் காலைப் பெரட்டில் பதினைந்து பேர் வரிசையாக நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எந்தப் பிளாக்கில் களைக்கு அடிப்பது, எதில் வண்டுக்கு அடிப்பது, ஒரு பம்புக்கு மருந்து எத்தனை மூடி, காற்று திரும்பினால் எந்தப் பக்கமிருந்து நடப்பது என்பதெல்லாம் நோட்டைத் திறக்காமலே அவளுக்கு வரும். ஒருமுறை புதிதாக வந்த அசிஸ்டன்ட் மானேஜர் மூடிக்கணக்கை மாற்றிச் சொன்னபோது, "சார், நீங்க சொல்றபடி அடிச்சா கன்னு கருகிடும். எழுதிக் குடுங்க, அடிக்கிறேன்" என்றாள். அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

அப்படிப்பட்டவள் நாலு மாதமாக வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் பவ்யமாகக் குந்திக்கொண்டிருந்தாள். தொட்டிக்குள் இருந்தது மகள் ரூபினி வளர்த்த ஆக்சலாட்டல். ரூபினி மலாக்காவில் பாலிடெக்னிக் படிக்கப் போனபோது விடுதியில் பிராணிகளைச் சேர்க்கவில்லை. பொறுப்பு அம்மா தலையில் வந்து விழுந்தது.

"அம்மா, இது மீன் இல்ல. மெக்சிகோ ஊரு பிராணி. நாலு காலு இருக்கு, ஆனா ஆயுசுக்கும் தண்ணிக்குள்ளேயேதான் இருக்கும். தோலாலயும் மூச்சு விடும். அதனால தண்ணி மட்டும் சுத்தமா, ஜில்லுனு இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருந்தாள் ரூபினி.

முழுக்க வெளுத்த உடம்பு, தலையின் இரு பக்கமும் சிவந்த இறகு மாதிரி மும்மூன்று செவுள்கள், எப்போதும் சிரிப்பது போன்ற அகன்ற வாய். ஜவ்வரிசி நிறத்தைப் பார்த்து ரூபினி அதற்கு சாகோ என்று பெயர் வைத்திருந்தாள். முதல் வாரம் பிரேமலா அதைத் தள்ளி நின்றுதான் பார்த்தாள். இரண்டாம் மாதம் வேலைவிட்டுக் குளித்ததும் முதல் காரியமாகத் தொட்டியின் வெப்பமானியைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். பதினெட்டு டிகிரி. ஜொகூர் வெயிலில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுவென்று வரும். குளிர்விக்கும் இயந்திரம் இரவு பகலாக உறுமிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்து வாரக்கடைசியில் மட்டும் வீட்டுக்கு வரும் அவள் கணவன் லோகேஸ்வரன், "எனக்கு ஏர்கான் இல்ல, அதுக்கு ஏர்கானா?" என்று ஒருமுறை கேட்டான். "நீங்க தோலால மூச்சு விட்டா உங்களுக்கும் வாங்கலாம்" என்றாள்.

அந்த சாகோ சாப்பிடுவதை நிறுத்திவிட்டது.

அது வழக்கமாகத் தின்னும் உருண்டைத் தீனி கடைகளில் வரவில்லை. வேறு ஒன்றை வாங்கிப் போட்டாள். வாயில் வாங்கி, ஒரு நொடி வைத்திருந்து, துப்பியது. மறுநாளும் துப்பியது. பிறகு தீனி விழுந்தால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்து நாளாயிற்று. வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

வீடியோவில் பார்த்த ரூபினிக்கு அழுகை வந்துவிட்டது. "நான் வரவாம்மா? டெஸ்ட் இருக்கு, பரவால்ல, வந்துடறேன்."

"நீ டெஸ்ட் எழுது. என்ன குடுக்கணும்னு மட்டும் சொல்லு. நான் பாத்துக்கிறேன்."

"மண்புழு குடுங்கம்மா. அதுக்கு அதுதான் நல்ல சாப்பாடு. ஆனா பாத்து வாங்குங்க. தூண்டில் கடையில வாங்காதீங்க, சிலதுல சாயம் ஏத்தி வெச்சிருப்பாங்க. மாவுப்புழுவும் வேணாம், ஓடு கெட்டி, வயித்த அடைச்சுக்கும். வெளிய தோண்டுனதுன்னா எங்க தோண்டுனதுன்னு கேளுங்க."

"புழுவப் பத்தி எனக்கா பாடம் நடத்துற? வருஷம் பூரா மண்ணுலதானே நிக்கிறேன்" என்றாள் பிரேமலா. சொன்ன பிறகுதான் தோன்றியது: இத்தனை வருஷம் அந்த மண்ணில் நின்றவள் அதிலிருந்த புழுவை ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

சனிக்கிழமை மதியம் குளுவாங்குக்குப் போனாள். அஹ்னாஃப் என்ற இளைஞனின் கடை அது. மீன், ஆமை, பல்லி எல்லாம் வைத்திருந்தான். ரூபினி அங்கேதான் சாகோவை வாங்கியிருந்தாள். பிரேமலா விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்து, குளிர்பெட்டியிலிருந்து மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து வைத்தான்.

"சரியான நேரத்துக்கு வந்தீங்க அக்கா. போன மாசத்துலேர்ந்துதான் இது வருது. நம்ம தோட்டத்துப் புழு. பண்ணைப் புழு கெடையாது, காட்டுல தானா வளந்தது. மருந்து கிருந்து ஒண்ணும் இல்ல. ஆக்சலாட்டல் வளக்குற நம்ம ஆளுங்க நெறைய பேரு வாங்கிட்டுப் போறாங்க."

டப்பாவின் மேல் 'இயற்கை மண்புழு' என்று கையால் எழுதி ஒட்டியிருந்தது. பிரேமலா மூடியைத் திறந்தாள். புழுக்கள் கொழுகொழுவென்று இருந்தன. விரலால் தொட்டதும் ஒன்று சோம்பலாக நெளிந்தது. இன்னொன்று நெளியவே இல்லை. அவள் பார்வை புழுவை விட்டு மண்ணுக்குப் போனது. கறுப்பு மண்ணோடு நார் நாராகச் சிவந்த மரச்சீவல் கலந்திருந்தது. ஒரு துணுக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். செம்பனை மரத்தின் நடுத்தண்டு. பழைய மரத்தைச் சாய்த்து, மெஷினில் சீவி, மண்ணில் பரப்பினால்தான் இப்படி வரும். அந்த வட்டாரத்தில் இந்த வருஷம் மரம் சாய்த்தது அவள் தோட்டத்தில் மட்டும்தான். அதிலும் பதினாலாம் பிளாக்கில் மட்டும்தான்.

பதினாலாம் பிளாக்கில் இப்போது புதுக்கன்றுகள் நிற்கின்றன. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைக்காமலிருக்கப் பத்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு கன்றின் உச்சியிலும் மருந்து ஊற்றி வழிய விடுகிறார்கள். வழிந்தது அடிமண்ணுக்குப் போகும். கடைசியாக ஊற்றியது செவ்வாய்க்கிழமை. ஊற்றியது அவள் கேங்.

"தம்பி, இத யாரு கொண்டாந்து போடறா?"

"வசந்தன் அண்ணன். உங்க ஊருதான் அக்கா. தெரியுமா?"

தெரியாமலா? வசந்தன் லோகேஸ்வரனின் உடன்பிறந்த தம்பி. வேலை செய்துகொண்டிருந்த பலகைத் தொழிற்சாலையை மூடியதிலிருந்து தூண்டில்காரர்களுக்குப் புழு விற்றுக்கொண்டிருந்தான். கடைக்கும் போடுகிறான் என்பது அவளுக்குப் புதுச் செய்தி.

பிரேமலா டப்பாவை மூடினாள். மூடி 'டக்' என்று பொருந்துகிற அந்த நேரத்துக்குள் அவளுக்கு இரண்டு யோசனையும் வந்து போயின. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் போகலாம். வீட்டில் சண்டை வராது. ஆனால் பக்கத்தில் பள்ளிச் சீருடையில் நின்ற ஒரு பெண் அதே மாதிரி டப்பா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு காசு கொடுக்கக் காத்திருந்தாள்.

"அத வெச்சிரும்மா" என்றாள் பிரேமலா அவளிடம். பிறகு அஹ்னாஃபைப் பார்த்தாள். "தம்பி, இது பதினாலாம் பிளாக் மண்ணு. அங்க செவ்வாக்கிழமை வண்டு மருந்து ஊத்துனது நான். இது மருந்தில்லாத புழுன்னு நீங்க விக்கக்கூடாது."

அஹ்னாஃபின் முகம் வெளுத்தது. "அக்கா, நெஜமாவா?"

"என் பேர்ல பிளாக் ரெக்கார்டு இருக்கு. வேணும்னா கொண்டாந்து காட்டறேன்."

அவன் அந்தப் பெண்ணை ஒருமுறை பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "போன வாரம் ஒருத்தரு வந்து சொன்னாரு, அவரோட ஆக்சலாட்டல் செவுள முன்னாடி சுருட்டிக்கிட்டு மெதக்குதுன்னு. நான் தண்ணி சூடாயிருக்கும்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றான்.

"புழுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. தண்ணியாகவும் இருக்கலாம். ஆனா தெரிஞ்ச விஷத்த நாம ஊட்ட வேணாம்."

அஹ்னாஃப் அந்தப் பெண்ணிடமிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டான். குளிர்பெட்டியிலிருந்த மற்றவற்றையும் எடுத்து ஒரு பையில் போட்டுக் கட்டினான். அதைப் பார்த்த பிறகே பிரேமலா வெளியே வந்தாள். நடைபாதையில் நின்று வசந்தனுக்குப் போன் போட்டாள்.

"வசந்தா, அஹ்னாஃப் கடையில உன் புழுவ எடுக்கச் சொல்லிட்டேன். நான்தான் சொன்னேன். வேற யாரும் சொல்லி நீ கேக்க வேணாம்னு கூப்பிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வா."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

அவன் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும் வேகத்திலேயே கோபம் தெரிந்தது. லோகேஸ்வரன் இடையில் புகப் பார்த்தான். பிரேமலா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அண்ணி, இருக்குற ஒரு பொழப்பு அது. அதுலயும் மண்ணப் போட்டுட்டீங்களே! கடையில எத்தன பேரு முன்னாடி?"

"ரெண்டு பேரு முன்னாடி. உக்காரு."

"உக்காரல. தூண்டில்காரங்க எத்தன மாசமா வாங்கறாங்க? ஒரு மீனு செத்துதா? அதே புழுவத்தான் கொக்கு தின்னுது, கோழி தின்னுது. நல்லாத்தானே மேயுது!"

"தூண்டில்ல மாட்டுற புழுவ மீனு முழுங்குனதும் நாம அந்த மீன வெளிய இழுத்துடறோம். அது எத்தன நாள் உசுரோட இருந்திருக்கும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றாள் பிரேமலா. "இங்க வந்து இதப் பாரு."

அவனைத் தொட்டி முன்னால் நிறுத்தினாள். சாகோ அடியில் கிடந்தது. செவுள்கள் மட்டும் லேசாக அசைந்தன.

"நான் வேலைக்குச் சேந்த புதுசுல பம்போட வாரு அறுந்து மருந்து முதுகுல வழிஞ்சிச்சு. உங்க அண்ணனக் கேளு. மூணு வாரம் மல்லாந்து படுக்கல. இத்தன தடிச்ச தோலு எனக்கு. இது தோலாலயே மூச்சு விடுது வசந்தா. எனக்காவது கம்பெனியில ஏப்ரன் குடுக்கறாங்க, மாஸ்க் குடுக்கறாங்க, கையுறை குடுக்கறாங்க. இதுக்கு யாரு குடுப்பா?"

வசந்தன் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். "அங்க மண்ணு பொலபொலன்னு இருந்துச்சு அண்ணி. மத்த எடத்துல மம்பட்டி எறங்கல. மருந்து குருத்துக்குத்தானே ஊத்தறாங்க, அடிக்கு வராதுன்னு நெனச்சேன்."

"கையில என்ன போட்டுக்கிட்டுத் தோண்டுன?"

"ஒண்ணும் போடல."

பிரேமலாவுக்கு அப்போதுதான் உண்மையில் கோபம் வந்தது. அவன் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரலிடுக்குகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது. "இது எத்தன நாளா?" என்றாள். அவன் கையை இழுத்துக்கொண்டான். திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போகிறானா இல்லை அவளே இழுத்துக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்டாள். போகிறேன் என்றான்.

"சரி. நாளைக்கு வேன எடு. பெக்கான் நானாஸ் போறோம். புழுவ வளக்கிறவங்க ஒருத்தங்க இருக்காங்கன்னு அஹ்னாஃப் நம்பரு அனுப்பியிருக்கான்."

அன்னாசி வயல்களைத் தாண்டி, ஒரு சந்தின் கடைசியில், வலையடித்த கொட்டகையில் காதர் பீவி புழு வளர்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், ரப்பர் பூட்ஸ், தலையில் முக்காடு, கையில் சின்ன முள்கரண்டி மாதிரி ஒரு கருவி. உரத்துக்காகத்தான் புழு வளர்க்கிறார், உரம் வாங்க வருகிறவர்கள் "நல்ல புழுவா?" என்று கேட்டதில்லை. பிரேமலா கேட்கத் தொடங்கியதும் அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன தீனி போடறீங்க அக்கா?"

"ஆட்டுச் சாணி, மாட்டுச் சாணி, பாசார்லேர்ந்து காய்கறிக் கழிவு. முட்டக்கோஸ் மேலிலைய மட்டும் எடுக்கறதில்ல, அதுலதான் மருந்து தங்கும்."

"சுத்தி இத்தன அன்னாசி இருக்கே, தோலு போடறதில்லையா?"

"புளிப்புல இதுங்க நிக்காதும்மா, ஓடிடும். வயல்ல அடிக்கிற மருந்து வேற."

"மாட்டுக்குப் பூச்சி மருந்து குடுத்திருந்தா, சாணியில வருமே?"

காதர் பீவி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க என்னம்மா வேலை பாக்கறீங்க?"

"தோட்டத்துல மருந்தடிக்கிற மண்டோர்."

"அதான பாத்தேன்!" என்று சிரித்தார். "மாட்டுக்காரரு மருந்து குடுத்தா எனக்குப் போன் பண்ணிடுவாரு. அந்தச் சாணிய நான் எடுக்கறதே இல்ல. அப்படியும் எந்தச் சாணி வந்தாலும் ஒரு டின்னுல போட்டுப் பத்துப் புழுவ விடுவேன். மறுநாள் பத்தும் உள்ளயே இருந்தாத்தான் தொட்டிக்குப் போகும். மேல ஏறி ஓடப் பாத்துச்சுன்னா அது குப்பைக்கு."

வசந்தன் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டான். டின் எந்த அளவு, ஈரம் எவ்வளவு என்றெல்லாம் விசாரித்தான். பிரேமலா தலையிடவில்லை.

கொட்டகையில் இரண்டு ஜாதி இருந்தது. ஒன்று சின்னது, சிவப்பு, உடம்பில் வரிவரியாக. மற்றது நீளம், ஊதா மினுக்கம், விரலால் தொட்டதும் சாட்டை மாதிரி சுருண்டு பாய்ந்தது. அது ஆப்பிரிக்கப் புழு என்றார் காதர் பீவி. பிரேமலா ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். மழை பெய்த மண் வாசம். அழுகல் இல்லை, மருந்து நெடி இல்லை. மருந்து நெடி என்றால் கால் மைல் தூரத்திலேயே அவள் மூக்குக்குத் தெரியும். ஊதாவில் ஒரு டப்பா வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் புழுக்களை ஈரமான அட்டைத் துண்டுகளில் விட்டு இரண்டு நாள் வைத்தாள். வயிற்றில் இருப்பது கழியட்டும் என்று. "இன்னும் ரெண்டு நாளா? அது தாங்குமா அண்ணி?" என்று வசந்தன் பதறினான். "தாங்கும்" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு அந்த இரண்டு நாளும் வேலைக்கு நடுவே மூன்று முறை போனில் ரூபினிக்கு சாகோவின் படத்தை அனுப்பி, "தாங்குமில்ல?" என்று கேட்டது அவளுக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மாலை, வேலைவிட்டு வந்து, சோப்புப் போட்டு முழங்கைவரை இரண்டு முறை கழுவிக்கொண்டு, குளோரின் நீக்கிய தண்ணீரில் புழுவை அலசினாள். வசந்தன் கட்டு போட்ட விரல்களோடு பக்கத்தில் நின்றான். இடுக்கியில் முதல் புழுவை எடுத்துத் தொட்டிக்குள் இறக்கினாள். சாகோ தலையைத் தூக்கியது. வாயைத் திறந்தது. கவ்வியது. அடுத்த நொடி தலையை இரண்டு பக்கமும் உதறி அதைத் துப்பிவிட்டுப் பின்னால் நகர்ந்தது.

"அலமாக்! இதுவும் வேணாமா?" என்றான் வசந்தன்.

பிரேமலா இடுக்கியை மறுபடி உள்ளே விட்டாள். அந்தப் புழுவை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். சின்னது, வரிவரியாக. பிடியோடு கலந்து வந்த சிவப்பு ஜாதி. உடம்பிலிருந்து மஞ்சளாக ஒரு நீர் கசிந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள், கசப்பு நாற்றம் அடித்தது.

"சிவப்பு கலந்துருச்சு. இதுல விஷமில்ல, ஆனா கசக்குது போல. அதான் துப்புது" என்றாள். டப்பாவைக் கிளறி ஊதாவில் ஒன்றை எடுத்தாள். சாகோவின் தலை அகலத்தை விடச் சிறியதாக ஒரு துண்டு நறுக்கினாள். மறுபடி இடுக்கி. மறுபடி தண்ணீர்.

இந்த முறை சாகோ நெருங்கி வரவே நேரமெடுத்துக்கொண்டது. ஒரு காலை வைத்தது, நின்றது, இன்னொரு காலை வைத்தது. பிரேமலா குந்தியிருந்த கால்கள் மரத்துப் போயின. திடீரென்று தண்ணீர் ஒரு துள்ளல் துள்ளியது. இடுக்கியில் புழு இல்லை. சாகோவின் தொண்டை ஒருமுறை அசைந்தது, வாய் மூடியது, அகன்ற அந்த முகம் மேலே நிமிர்ந்து அடுத்த துண்டுக்குக் காத்தது.

வசந்தன் கையைத் தட்டப் போய், கட்டு ஞாபகம் வந்து தொடையில் தட்டிக்கொண்டான். பிரேமலா சிரித்தாள். கண் கலங்கியதைத் துடைக்காமலே மகளுக்குப் போன் போட்டு, அடுத்த துண்டை இறக்கிக் காட்டினாள்.

அந்த வாரமே வசந்தன் காதர் பீவியிடம் மறுபடி போய் ஊதாப் புழு வாங்கி வந்தான். தன் வாடகை வீட்டுப் பின்கட்டில் நாலு தொட்டி வைத்தான். கறி மார்க்கெட்டுக்கு ஆடு வளர்க்கும் ஒருவரிடம் பேசிச் சாணி பிடித்தான். இரண்டு மாதம் கழித்து முதல் டப்பாக்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனபோது அஹ்னாஃப் அவற்றைத் திறக்கக்கூட இல்லை. "பிரேமலா அக்கா பாத்துட்டாங்களா?" என்று கேட்டான்.

அவள் பார்த்தாள். ஆறு டப்பாவில் ஐந்து சரி என்றாள். ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல மண்ணு வேற மாதிரி இருக்கே" என்றாள்.

"கொஞ்சம் கொறஞ்சிச்சு அண்ணி. வீட்டு வேலியோரம் எடுத்துப் போட்டேன்."

"வேலியோரமா? போன வாரம் உங்க தாமான்ல வீடு வீடா டெங்கிக்குப் புகை அடிச்சாங்க இல்ல?"

வசந்தன் நாக்கைக் கடித்துக்கொண்டான். இந்த முறை கோபம் வரவில்லை. டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கி, வேனின் பின்னால் தனியாக வைத்தான். மற்ற ஐந்தும் கடைக்குப் போயின.

ஆண்டு இறுதி விடுமுறைக்கு வந்த ரூபினி சித்தப்பாவின் தொட்டிகளைப் பார்க்கப் போனாள். பிரேமலாவும் கூடப் போயிருந்தாள். அந்த நேரத்தில் வசந்தனுக்கு ஒரு போன் வந்தது. பத்து பஹாட்டிலிருந்து யாரோ ஆக்சலாட்டல் வளர்க்கிறவர். புழு இருக்கிறதா, என்ன விலை என்று அவர் கேட்பது வெளியே கேட்டது.

"இருக்குண்ணே, வெலைய அப்புறம் பேசலாம்" என்றான் வசந்தன், ஒரு கையால் டின்னைத் திறந்து பத்துப் புழுவையும் எண்ணிக்கொண்டே. "மொதல்ல நாங்க இதுங்களுக்கு என்ன தீனி போடறோம்னு கேளுங்க, சொல்றேன்."